பதிவேட்டின் ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள்: பின்தங்கும் மாணவர்களுக்காக அரசுப் பள்ளியும் வெளி அமைப்பும் கைகோக்க முழுமையான வழிகாட்டி

வருகைப் பதிவேட்டை நாம் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறோம். இன்றைய தேதி, அதற்குக் கீழே நாற்பது கட்டங்கள், யார் வந்தார்கள், யார் வரவில்லை. ஒருநாள் அதையே இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெயரை மட்டும். முதல் மாதம் முழுக்க வந்திருப்பான். இரண்டாம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை இல்லை. மூன்றாம் மாதத்தில் திங்களும் இல்லை, வெள்ளியும் இல்லை. தேர்வு வாரத்தில் கணக்குத் தேர்வு அன்று மட்டும் இல்லை. அப்புறம் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள். இப்படி ஒரு வரியை நான் பார்த்தபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. திடீரென்று நின்றுவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வரியில் எதுவுமே திடீரென்று நடந்திருக்கவில்லை.

நான் பள்ளிக்கு வெளியிலிருந்து வருகிற ஆள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் தன்னார்வலர்களைப் பள்ளிகளோடு சேர்த்து வைப்பது என் வேலை. இப்படிப்பட்ட கூட்டு முயற்சியை எங்கே தொடங்குவது, எப்படி நடத்துவது, எங்கே கவிழும் என்பதைத் தலைமை ஆசிரியர்களுக்கும் வெளி அமைப்புகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளியிடம் பதிவேடு இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, சான்றிதழ் தரும் உரிமை இருக்கிறது. ஒரு பிள்ளையோடு உட்கார நேரம் மட்டும் இல்லை. வெளி அமைப்பிடம் நேரம் இருக்கிறது, மற்றதெல்லாம் இல்லை. அதனால்தான் இரண்டு பேரும் சேர வேண்டியிருக்கிறது.

1. முதலில் பெயர்கள், அப்புறம்தான் திட்டம்

பெரும்பாலான முயற்சிகள் தலைகீழாகத் தொடங்குகின்றன. ஒரு அமைப்பு தன் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பள்ளி, சரி, பிள்ளைகளை அனுப்புகிறோம் என்கிறது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பள்ளி முடிந்தபின் கணக்கு வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினோம். முப்பது பேர் வந்தார்கள். மகிழ்ந்துபோனோம். மூன்றாவது மாதம் ஓர் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “சார், இதில் இருபத்தைந்து பேர் நீங்கள் வராவிட்டாலும் தேறிவிடுவார்கள்.” உண்மையாகவே திண்டாடும் பிள்ளை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து உட்காராது. அதைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

அந்தப் பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: வருகை, நடத்தை, பாடத் தேர்ச்சி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ராபர்ட் பால்ஃபன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைந்த வருகை, மோசமான நடத்தைக் குறிப்பு, கணக்கில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி என்ற அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னாளில் பள்ளியை முடிக்காமல் போகப்போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை ஆறாம் வகுப்பிலேயே கண்டுகொள்ள முடியும் என்று அது காட்டியது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒன்பதாம் வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடத்தைப் பெரிய தடுமாற்றமில்லாமல் கடந்த பிள்ளைகள் நான்கு வருடத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, தடுமாறியவர்களைவிட மூன்றரை மடங்கு கூடுதலாக இருந்தது. முந்தைய வகுப்புகளில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வருடம்தான் அதிகம் சொன்னது. எட்டாம் வகுப்பில் சுமாராகப் படித்த பிள்ளையை ஒன்பதில் தாங்கிப் பிடித்தால் கரையேறிவிடும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வருகைக்கு ஓர் எல்லைக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் அது தொடர் வராமை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஆண்டுக்கு 180 வேலை நாட்கள் என்றால் 18 நாள். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டே நாள்தான். அதனாலேயே யார் கண்ணிலும் படாது.

ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். வகுப்பாசிரியர்கள், பதிவேடுகள், கடைசி இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல், இவ்வளவுதான் வேண்டும். முதல் வருடம் பதினைந்து முதல் இருபது பெயர்களுக்கு மேல் போகாதீர்கள். சத்தம் போடும் பிள்ளைகள் பட்டியலில் தாமாகவே ஏறிவிடுவார்கள். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் பிள்ளைகளைத்தான் தேட வேண்டும். ஆசிரியர்கள் யாருக்கும் முகம் நினைவுக்கு வராத பெயர் ஒன்று இருந்தால், அதை முதலில் எழுதுங்கள்.

2. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் “ஏன்” என்று ஒரு வரி

இந்த வேலையில் மிகவும் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் இடம் இதுதான். படிப்பில் ஆர்வமில்லை, வீட்டில் சரியில்லை என்று எழுதினால் அது காரணம் ஆகாது. பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட காரணம் வேண்டும்.

ஒரு மாணவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். பொறுப்பில்லாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டோம். தம்பியை வேறொரு பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டும், அம்மா வேலைக்குப் போகிற நாட்களில். அந்தப் பள்ளியின் கதவு திறக்கிற நேரமும் இந்தப் பள்ளியின் முதல் மணி அடிக்கிற நேரமும் ஒன்று. பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைப்பார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். “நின்னு திட்டு வாங்குறதுக்கு வீட்லயே இருந்துடலாம்னு இருந்துடுவேன் சார்” என்றாள். தலைமை ஆசிரியர் அன்றே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: தாமதமாக வந்தாலும் நேரே வகுப்புக்குப் போகலாம். அந்த மாதம் அவள் ஒருநாள்தான் வரவில்லை. எங்கள் அமைப்பு அவளுக்குச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லாமல் போயிற்று.

பட்டியலை முடித்துப் பார்த்தால் இப்படிச் சில பெயர்கள் ஒரு சீட்டில் தீர்ந்துவிடும். மற்றவர்களைப் பிரித்துப் பார்ப்பீர்கள்: வாசிக்கவே தடுமாறுகிறவர்கள், பின்னம் புரியாததால் அதற்கப்புறம் வந்த கணக்கு எல்லாமே புரியாமல் போனவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், துயரத்திலோ பயத்திலோ இருப்பவர்கள், வகுப்பறையே வெறுத்துப்போனவர்கள். யாரோடு கைகோக்க வேண்டும் என்பதை இந்தப் பிரிவுதான் சொல்லும்.

3. தேவைக்கேற்ற துணை எது?

பாட இடைவெளி பெரிதாக இருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை வந்து போகும் தன்னார்வலர் போதாது. சிகாகோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2013 முதல் சோதித்துப் பார்த்த ஒரு முறையைச் சொல்கிறேன். ஒரு பயிற்றுநருக்கு இரண்டே மாணவர்கள். தினமும் ஒரு பீரியட், பள்ளி நேரத்துக்குள்ளேயே, வழக்கமான கணக்கு வகுப்புக்குக் கூடுதலாக. பயிற்றுநர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் பயிற்சி பெறாதவர்கள். குறைந்த ஊதியத்துக்கு ஒரு வருடம் கொடுக்க முன்வந்த இளம் பட்டதாரிகள். இருந்தும் பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. இருபது பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் என்பதைவிட ஆறு பேருக்குத் தினமும் என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். மற்ற பதினான்கு பேரை நினைத்தால் மனசு கேட்காது. ஆனால் பரவலாகத் தெளித்த தண்ணீர் எந்த வேருக்கும் போய்ச் சேராது.

வருகைதான் சிக்கல் என்றால் தேவைப்படுவது பாடம் அல்ல, ஒரு மனிதர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-ல் தொடங்கிய ‘செக் அண்ட் கனெக்ட்’ முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. வருகை, மதிப்பெண், நடத்தைக் குறிப்பு மூன்றையும் அவர் தொடர்ந்து பார்ப்பார். ஏதாவது சறுக்கினால் அப்போதே பிள்ளையிடமும் வீட்டிலும் பேசுவார். குறைந்தது இரண்டு ஆண்டு கூட இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இந்த விதி சும்மா வைத்ததல்ல. வழிகாட்டி உறவுகளைப் பற்றி 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவு பிள்ளைகளுக்குப் பலன் தந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. பாதியில் போய்விடக்கூடியவர் வராமலே இருப்பது நல்லது.

வகுப்பறை வெறுத்துப்போன பிள்ளைகளுக்கு வேலையிடக் கல்வி ஒரு நல்ல கதவு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1996-ல் திறக்கப்பட்ட ‘மெட்’ என்ற அரசு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் ஒரு பட்டறையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ வழிகாட்டி ஒருவரோடு இருந்து கற்கிறார்கள். அங்கே தேவைப்படும் கணக்கும் எழுத்தும் பாடமாகிறது. இதற்குப் பள்ளியின் விதிகள் எவ்வளவு இடம் தரும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கும் வயது கடந்தவர்களுக்கும், தினமும் வகுப்புக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுதும் திறந்தநிலைப் பள்ளியோ, கல்லூரி வளாகத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஏற்பாடோ சரியாக இருக்கும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் சமுதாயக் கல்லூரி 2000-ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. இடைநின்ற பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து பள்ளிச் சான்றிதழுக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் சேர்த்தே படித்தார்கள்.

மாற்றுக் கல்வி என்ற சொல்லுக்கு ஓர் ஆபத்தான பயன்பாடும் இருக்கிறது. தேர்ச்சி விகிதத்தைக் கெடுக்கும் பிள்ளையை “உனக்கு இது சரிவராது, அங்கே போ” என்று தள்ளிவிடுவது. இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எந்த மாற்று வழியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை தானே விரும்பிப் போகிறதா? கிடைக்கும் சான்றிதழ் மேற்படிப்புக்குச் செல்லுபடியாகுமா? திரும்பி வர நினைத்தால் இங்கே இடம் இருக்குமா? ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும் அனுப்பாதீர்கள்.

4. அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

அழகான கையேடுகளை ஓரமாக வையுங்கள். போன வருடம் எத்தனை பேரோடு தொடங்கினீர்கள், வருட முடிவில் எத்தனை பேர் இருந்தார்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர்களை நம்பலாம். பணம் எத்தனை வருடத்துக்கு உறுதியாக இருக்கிறது என்றும் கேளுங்கள். இப்போது பணி செய்துகொண்டிருக்கும் பள்ளி ஒன்றுக்குப் போய், அங்கே உள்ள ஆசிரியர்களிடம் தனியாகப் பேசிவிட்டு வாருங்கள். முதல் சந்திப்பிலேயே புகைப்படம் எடுப்பதைப் பற்றிப் பேசும் அமைப்பிடம் கவனமாக இருங்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் சுமார் ஐந்நூறு சிறுவர்களை எடுத்து, பாதிப் பேருக்கு ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் என்று பல வருடம் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டார். 1978-ல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. உதவி பெற்றவர்கள் குடிப்பழக்கம், குற்றம், உடல்நலம் போன்ற பலவற்றில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பிற்பாடு இன்னும் கூர்ந்து பார்த்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகக் கூட்டி வைத்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் அந்தப் பாதையிலேயே தள்ளிக்கொள்கிறார்கள். ஆகவே ‘பிரச்சினைப் பிள்ளைகள் அறை’ என்று ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் உருவாக்காதீர்கள். இரண்டு மூன்று பேராகப் பிரித்து உட்கார வையுங்கள், அல்லது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் கலந்து சேருங்கள்.

5. ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும்

ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் சில்லறை விஷயங்கள்கூட இருக்க வேண்டும். எந்த அறை, சாவி யாரிடம், தேர்வு நாட்களில் வகுப்பு உண்டா, பயிற்றுநர் வராவிட்டால் யாருக்கு எப்போது தகவல். கூட்டு முயற்சிகள் கொள்கை வேறுபாட்டால் முறிந்து நான் பார்த்ததில்லை. பூட்டிய அறைக்கு முன்னால் பிள்ளைகளோடு நாற்பது நிமிடம் நின்ற கசப்பில்தான் முறிந்திருக்கின்றன. இரு பக்கமும் ஒவ்வொரு பொறுப்பாளரின் பெயர் இருக்கட்டும். “பள்ளி நிர்வாகம்” என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. தனிப்பட்ட எண்ணில் பிள்ளையோடு செய்திப் பரிமாற்றம் கூடாது. ஏதாவது தவறு நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வருகை, மதிப்பெண் விவரங்களைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியே தரக் கூடாது. சம்மதம் கிடைத்தாலும் தேவையானதை மட்டும் கொடுங்கள். கணக்குச் சொல்லித் தருபவருக்கு அந்தப் பிள்ளையின் குடும்பச் சண்டை தெரிய வேண்டியதில்லை.

6. நேரம் எங்கிருந்து வரும்?

பள்ளி முடிந்த பிறகு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வேலைக்குப் போகும் பிள்ளை, தங்கையைப் பார்த்துக்கொள்ள ஓடும் பிள்ளை, பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளை எல்லாம் அங்கேயே கழன்றுவிடும். யாருக்காக நடத்துகிறோமோ அவர்களே இருக்கமாட்டார்கள். முடிந்தவரை பள்ளி நேரத்துக்குள் வையுங்கள்.

அப்போது அடுத்த சோதனை வரும்: விளையாட்டு பீரியடை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்காதீர்கள். பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அந்த ஒரு பீரியடுக்காகத்தான். காலை வழிபாட்டு நேரம், நூலக பீரியட், மேற்பார்வைப் படிப்பு நேரம் இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பாட ஆசிரியர்களை உட்கார வைத்து அவர்கள் ஒப்புதலோடு செய்யுங்கள். மேலிடத்து உத்தரவாக வந்தால், பிள்ளையை அனுப்ப மறந்துபோவது என்பது நாளடைவில் பழக்கமாகிவிடும்.

7. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது

“நீ வீக்கா இருக்கே, அதனால இங்க போ” என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாங்கள் இப்போது செய்வது: வகுப்பாசிரியரும் எங்கள் ஆளும் சேர்ந்து, வகுப்புக்கு வெளியே, பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருவோம். முதலில் பிள்ளையால் முடிகிற ஒன்றைச் சொல்வோம். பொய்யாக அல்ல, ஆசிரியர் கண்ணால் பார்த்த ஒன்றை. அப்புறம் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்போம். கடைசியில்தான் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, நான்கு வாரம் வந்து பார், பிடிக்கவில்லை என்றால் சொல் என்போம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருப்பதாலேயே சம்மதிக்கும் பிள்ளைகள் உண்டு.

பெற்றோரில் பலருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால் முதல் அழைப்பு ஒரு நல்ல செய்திக்காக இருக்கட்டும். கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதைவிட, அவர்கள் வேலை முடிகிற நேரத்தில் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசுவது மேல்.

8. வாரம் முப்பது நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரே நேரம், பள்ளிப் பொறுப்பாளரும் அமைப்பின் பொறுப்பாளரும் பட்டியலோடு உட்கார வேண்டும். பெயர் பெயராகப் போக வேண்டும். இந்த வாரம் எத்தனை நாள் வந்தான்? என்ன மாறியது? அடுத்த வாரத்துக்குள் யார் என்ன செய்யப் போகிறோம்? ஒரு பெயருக்கு ஒன்றரை நிமிடம், இருபது பெயருக்கு அரை மணி நேரம். பட்டியலை இருபதோடு நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

போன வாரம் ஏற்றுக்கொண்டதைச் செய்தோமா என்பதில்தான் கூட்டம் தொடங்க வேண்டும். பொதுவான பேச்சு, புகார், திட்டத்தின் பெருமை எதற்கும் இங்கே இடமில்லை. மூன்று வாரம் தொடர்ந்து ஒரு பெயருக்கு எதிரே “மாற்றமில்லை” என்று வந்தால், அந்தப் பிள்ளைக்கு நாம் செய்துகொண்டிருப்பது தவறான உதவி. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த “ஏன்” வரியை அடித்துவிட்டுப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள். எங்கள் பட்டியலில் வாசிப்புப் பயிற்சி என்று எழுதியிருந்த ஒரு பையனின் வரியை இப்படி மூன்று முறை மாற்றினோம். மூன்றாவது முறைதான் தெரிந்தது, இரவு வேலை முடிந்து அவன் தூங்குவதே விடியற்காலை என்று.

9. பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது

எத்தனை வகுப்பு நடத்தினோம், எத்தனை நோட்டுப் புத்தகம் கொடுத்தோம் என்பது நம் உழைப்பின் கணக்கு. பிள்ளையின் கணக்கு வேறு: வருகை கூடியதா, தோற்ற பாடம் குறைந்ததா, அடுத்த வகுப்புக்குப் போனார்களா. தொடங்கும் முன்பே இந்த எண்களைக் குறித்து வைக்காவிட்டால் கடைசியில் ஒப்பிட எதுவும் இருக்காது.

முடிவு ஏமாற்றமாக இருந்தாலும் எழுதுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாகப் பணிசெய்யும் ‘கம்யூனிட்டிஸ் இன் ஸ்கூல்ஸ்’ அமைப்பின் தனிநபர் கவனிப்பு முறையை இரண்டு ஆண்டு கறாராக ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் பெரியவர்களோடும் நண்பர்களோடும் கொண்ட உறவில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. வருகையிலும் தேர்ச்சியிலும் தெரியவில்லை. அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால்தான் மற்றவர்கள் அதிலிருந்து கற்க முடிகிறது.

10. ஆட்கள் மாறும்போது

தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போவார். எங்கள் பக்கம் இளைஞர்கள் வேறு வேலை கிடைத்துப் போவார்கள். இரண்டும் ஒரே பருவத்தில் நடந்தால் மூன்று வருட உழைப்பு ஒரு விடுமுறைக்குள் காணாமல் போகும். எனக்கு அது ஒருமுறை நடந்திருக்கிறது. புதிய தலைமை ஆசிரியர் நல்லவர்தான். ஆனால் எங்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் பட்டியல் போடவேயில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு கைமாற்றுக் குறிப்பு எழுதி, ஒரு பிரதியைப் பள்ளி அலுவலகத்திலும் ஒன்றை எங்களிடமும் வைக்கிறோம். பிள்ளையின் பெயர், அந்த “ஏன்” வரி, என்ன செய்தோம், எது கைகொடுத்தது, அடுத்து யார் பொறுப்பு. வெளியேறும் வழிகாட்டி, புதியவரைப் பிள்ளையிடம் தானே அழைத்துப்போய் அறிமுகப்படுத்துவார். மூவரும் ஒரு பீரியட் சேர்ந்து உட்காருவார்கள். வழிகாட்டி விலகும் தேதி தெரிந்தவுடனேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவோம். பள்ளி திறந்த முதல் வாரம் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். வராத பெயருக்கு அன்று மாலையே தொலைபேசி போகிறது.